வெளியே வட்டம், உள்ளே சதுரம்: ஒரு சீனச் சொல்வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும், ஆனால் நேர்மையை விட்டுவிடக் கூடாது. இதைச் சீனர்கள் நான்கே எழுத்துகளில் சொல்கிறார்கள். அந்தச் சொல்வழக்கைப் பற்றி நண்பர்கள் பல வருடமாக என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். அங்கே எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அது என்ன சொல்வழக்கு? எப்படி உச்சரிப்பது?

‘வாய் யுவான், நெய் ஃபாங்.’ வாய் என்றால் வெளியே, யுவான் என்றால் வட்டம், நெய் என்றால் உள்ளே, ஃபாங் என்றால் சதுரம். தமிழ்க் காதுக்கு இது மறக்காது: வாய் வெளியே இருக்கிறது, நெய் உள்ளே போகிறது. இப்படி நான்கு எழுத்துகளில் இறுகிப்போன தொடர்களைச் சீனத்தில் ‘செங்யு’ என்பார்கள்.

சீனத்தில் சதுரம் என்ற எழுத்துக்கு நேர்மையானவர், கோணாதவர் என்ற பொருளும் உண்டு. வட்டம் என்றால் முனை இல்லாதது, பிறரைக் குத்தாதது. பழகுவதற்கு மென்மை, கொள்கையில் உறுதி, இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை இப்படிச் சொல்கிறார்கள்.

ஏன் வட்டமும் சதுரமும்? வேறு உருவம் கிடைக்கவில்லையா?

பழைய சீனக் காசைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வராது. வட்டமான செப்புக் காசு, நடுவில் சதுர ஓட்டை. கி.மு. 221இல் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் நாட்டை ஒன்றாக்கியபோது இந்த வடிவக் காசையே நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார். கி.மு. 118இல் ஹான் பேரரசர் வூ வெளியிட்ட ‘வூஜு’ காசு எழுநூறு வருடத்துக்கும் மேல் ஓடியது. கி.பி. 621இல் தாங் அரசு புதுக் காசு வார்த்தபோதும் ஓட்டை சதுரமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த வடிவம் மாறவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஓட்டைக் காலணா’ என்று சொல்வார்களே, 1943இல் வந்தது, அதில் ஓட்டை வட்டம். சீனக் காசில் சதுரம். வித்தியாசம் அங்கேதான்.

வானம் வட்டம், பூமி சதுரம் என்று பழைய சீனர்கள் நம்பியதால் இந்த வடிவம் வந்தது என்பார்கள். எனக்குப் பிடித்தது பட்டறைக்காரர்கள் சொல்லும் காரணம். இந்தக் காசுகள் அச்சில் வார்க்கப்பட்டவை. அச்சிலிருந்து எடுத்ததும் விளிம்பெல்லாம் பிசிறாக இருக்கும், ஒவ்வொன்றாக அராவ முடியாது. அதனால் ஒரு சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து, மொத்தமாக அராவுவார்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் அரம் பட்டதும் காசு கம்பியில் சுற்றும், விளிம்பு சீராகாது. சதுர ஓட்டை பிடித்துக்கொள்வதால்தான் வெளி வட்டம் வழவழப்பாகிறது.

சொல்வழக்கின் முழு அர்த்தமும் எனக்கு இந்தப் பட்டறையில்தான் கிடைத்தது. உள்ளே பிடிமானம் இல்லாதவர் வெளியே மென்மையாக இருக்க முயன்றால் அராவ அராவச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்று நாம் சொல்வதுதானே இது?

பாதி அதுதான். நம் பழமொழி விட்டுக்கொடுப்பதன் பலனைச் சொல்கிறது. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அது சொல்வதில்லை. சீன வழக்கில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ‘வெளியே வட்டம்’ என்பதை மட்டும் தனியாகச் சொன்னால் அது பாராட்டே ஆகாது.

இதை முதலில் சொன்னது யார்?

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பழைய நூலில் இந்தச் சொற்கள் தலைகீழாக வருகின்றன, அதுவும் திட்டாக. பின் ஹான் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், ரூனான் என்ற பகுதிக்கு ஓயாங் ஷி ஆளுநராக இருந்தார். ஒரு விருந்தில் அவர் யாவ் யான் என்ற அதிகாரியை எழுப்பி, உத்தமர், நடுநிலை தவறாதவர் என்றெல்லாம் புகழ்ந்து பரிசு தரப் போனார். ஜி யுன் என்ற கீழ் அதிகாரி எழுந்து நின்று, அந்த ஆள் பேராசைக்காரன், ‘வெளியே சதுரம், உள்ளே வட்டம்’ என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார். பார்க்கக் கறார், உள்ளே கோணல் என்று பொருள். ஆளுநர் செய்ததே குற்றம் என்றும் சொல்லி, விருந்தில் தவறு செய்தவர் குடிக்க வேண்டிய மதுக் கிண்ணத்தை எடுத்துக் குடிக்கும்படி நீட்டினார்.

ஆளுநருக்கு முகம் செத்துவிட்டது. அப்போது ஜெங் ஜிங் என்ற இன்னொரு அதிகாரி குறுக்கே வந்து, தலைவர் தெளிவானவராக இருந்தால்தான் கீழே இருப்பவர் இப்படி நேராகப் பேசுவார், இது உங்கள் பெருமை அல்லவா, கிண்ணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஆளுநர் இளகி, தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜி யுன்னின் துணிச்சலோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜெங் ஜிங் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஜி யுன் சொன்ன ஒரு சொல்லையும் மழுக்கவில்லை. உண்மை உள்ளே இறங்க வழி மட்டும் செய்துகொடுத்தார். வட்டம் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

சொற்களை நாம் இன்று சொல்லும் வரிசைக்குத் திருப்பி அழகாக எழுதியவர் தாங் காலக் கவிஞர் லியு சொங்யுவான் (773-819). அரசியல் சீர்திருத்த முயற்சி ஒன்று தோற்றதால் 805இல் அவர் தெற்கே யோங்ஜோவுக்குத் தூக்கியடிக்கப்பட்டார். அங்கிருந்து தன் மைத்துனர் யாங் ஹுய்ஜிக்கு வண்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டி இவ்வளவு பாரம் சுமந்து எங்கும் போவது எதனால்? நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, வெளியே வட்டம், நடுவே சதுரம். பெட்டியைப் போல இடம் கொடு, சக்கரத்தைப் போல எங்கும் சென்று வா, அச்சைப் போல உள்ளே மாறாமல் இரு என்றார்.

இளைஞருக்கு அறிவுரை பிடிக்கவில்லை. வெளியே மென்மை, உள்ளே உறுதி என்று இருந்தால் சாதாரண ஆளாகத்தான் முடிவோம் என்று பதில் எழுதினார். அதற்கு லியு, வெளியே மென்மை என்பது முகஸ்துதியும் அல்ல, பொய்யும் அல்ல என்று இன்னும் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். தன் சதுரத்துக்கான விலையைக் கொடுத்துவிட்டு, நாடுகடத்தப்பட்ட ஊரில் உட்கார்ந்து எழுதியவர் அவர். அதனால்தான் அந்த அறிவுரை எனக்கு வசதிக்காகச் சொன்னதாகத் தோன்றுவதில்லை.

கன்பூசியஸ் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

இந்தச் சொற்களில் இல்லை. ஆனால் அவருடைய மொழிகளைத் தொகுத்த ‘லுன்யு’ நூலின் ஒன்பதாம் பகுதியில் ஒரு சிறு பத்தி இருக்கிறது. இந்தப் பொருளைப் பற்றி நான் படித்தவற்றில் அதைவிடத் துல்லியமானது எதுவும் இல்லை.

சடங்கில் சணல் நூலில் நெய்த தொப்பி போட வேண்டும் என்பது பழைய முறை. அவர் காலத்தில் எல்லாரும் பட்டுத் தொப்பிக்கு மாறிவிட்டார்கள். சணல் இழையை அவ்வளவு மெல்லியதாக நெய்ய உழைப்பு அதிகம், பட்டில் செலவு குறைவு. ‘சிக்கனமாக இருக்கிறது, நானும் எல்லாரோடும் சேர்ந்துகொள்கிறேன்’ என்கிறார். அடுத்து, அரசரை மண்டபத்துக்குக் கீழே நின்று வணங்க வேண்டும் என்பது முறை. இப்போது மேலே ஏறிய பிறகே வணங்குகிறார்கள். ‘இது ஆணவம். எல்லாருக்கும் மாறாக இருந்தாலும் நான் கீழேயே வணங்குவேன்’ என்கிறார்.

தொப்பியும் வணக்கமும் இரண்டுமே சடங்கு முறைகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. முதல் மாற்றத்துக்குக் காரணம் சிக்கனம், இரண்டாவதற்குத் திமிர். மாற்றத்தின் அளவை அவர் பார்க்கவில்லை, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறார்.

அதே நூலில் அவருடைய சீடர் ட்சூஷியா, பெரிய ஒழுக்கத்தில் எல்லை தாண்டக் கூடாது, சிறியதில் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை என்கிறார். இதைத்தான் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குத் தொப்பிக் கதையே போதும், ஏனென்றால் அதில் எப்படிப் பிரிப்பது என்பதும் இருக்கிறது.

சரி, எது சின்ன விஷயம், எது பெரிய விஷயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சீனர்கள் மறுபடி மறுபடி சொல்லும் இரண்டு கதைகளை வைத்துப் பதில் சொல்கிறேன்.

போரிடும் அரசுகள் காலத்தில் ஜாவ் நாட்டில் லின் ஷியாங்ரு என்று ஒருவர். கி.மு. 279இல் பலம் மிகுந்த சின் நாட்டு அரசர் ஜாவ் அரசரை மியன்சியில் சந்தித்தார். விருந்தில் ஜாவ் அரசரை யாழ் போன்ற ஒரு கருவியை வாசிக்கச் சொல்லி, வாசித்ததும் ‘ஜாவ் அரசர் சின் அரசருக்காக வாசித்தார்’ என்று எழுதி வைக்கச் சொன்னார். லின் ஒரு மண்கலத்தை எடுத்துக்கொண்டு போய், நீங்களும் இதைத் தட்டுங்கள் என்றார். சின் அரசர் மறுத்தார். நமக்கிடையில் ஐந்து எட்டு தூரம்தான், என் கழுத்து ரத்தம் உங்கள் மேல் தெறிக்கும் என்றார் லின். அரசர் ஒரு தட்டுத் தட்டினார். அதுவும் எழுதி வைக்கப்பட்டது.

ஊர் திரும்பியதும் லின்னுக்குப் பெரிய பதவி. முதுபெரும் தளபதி லியான் போவுக்குப் பொறுக்கவில்லை. நான் போர்க்களத்தில் வென்றவன், இவன் வாயால் வென்றவன், பார்க்கும் இடத்தில் அவமானப்படுத்துவேன் என்றார். லின் என்ன செய்தார்? தளபதியின் தேர் எதிரே வந்தால் தன் தேரைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போனார். கூட இருந்தவர்களே வெட்கப்பட்டு, வேலையை விட்டுப் போகிறோம் என்றார்கள். சின் அரசரையே அதட்டிய நான் இவருக்கா பயப்படுவேன், நாங்கள் இருவரும் இருப்பதால்தான் சின் படை வரவில்லை, நாட்டின் அவசரம் முதலில், சொந்தப் பகை பிறகு என்றார் லின். செய்தி தளபதி காதுக்குப் போனதும் அவர் மேலாடையைக் களைந்து, முள்விறகை முதுகில் சுமந்து வந்து மன்னிப்புக் கேட்டார். ஹான்டான் நகரில் ‘தேர் திரும்பிய சந்து’ என்று ஒரு சந்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இரண்டாவது கதை சுவர்ச் சண்டை. ஆன்ஹுய் மாகாணத்தில் தொங்செங். காங்ஷி பேரரசரிடம் உயர்ந்த அமைச்சராக இருந்த ஜாங் யிங் (1637-1708) அந்த ஊர்க்காரர். அவர் வீட்டாருக்கும் பக்கத்து வூ குடும்பத்துக்கும் எல்லைத் தகராறு. தலைநகரில் இருக்கும் உங்கள் செல்வாக்கைக் காட்டுங்கள் என்று வீட்டிலிருந்து கடிதம் போனது. அவர் பதிலுக்கு நாலு வரிக் கவிதை அனுப்பினார் என்பது கதை: ஒரு சுவருக்காகவா இவ்வளவு தூரம் கடிதம், மூன்றடி விட்டுக்கொடுத்தால் என்ன, பெருஞ்சுவர் இன்னும் நிற்கிறது, கட்டிய சின் ஷி ஹுவாங்தான் இல்லை. வீட்டார் மூன்றடி பின்வாங்கினார்கள். வூ குடும்பமும் வெட்கப்பட்டு மூன்றடி பின்வாங்கியது. நடுவில் கிடைத்ததுதான் ‘ஆறடிச் சந்து’. சுமார் 100 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், இன்றும் நடந்து போகலாம். இதே கவிதையை வேறு ஊர்களிலும் வேறு பெரியவர்கள் பெயரில் சொல்கிறார்கள், அந்த அளவுக்கு மக்களுக்குப் பிடித்துப்போன கதை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லின் விட்டுக்கொடுத்தது தன் மரியாதையை. ஜாங் விட்டுக்கொடுத்தது தன் வீட்டு நிலத்தை. மியன்சியில் பணயமாக இருந்தது ஒரு நாட்டின் மானம். அது லின்னுடைய சொந்தப் பொருள் அல்ல, அவரை நம்பி ஒப்படைத்தது, அதனால் அங்கே அவர் ஓரடி நகரவில்லை. நான் புரிந்துகொண்ட அளவுகோல் இதுதான்: கையில் இருப்பது என்னுடையது என்றால் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டு. என் இருக்கை, என் பெயர் முதலில் வருவது, என் யோசனைக்குக் கைதட்டு, என் மூன்றடி. அடுத்தவருடையது என்றால், அல்லது என்னிடம் ஒப்படைத்தது என்றால், அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

என் முதல் வேலையில் ஒரு அறிக்கையை நான் தயாரித்தேன், மேலாளர் தன் பெயரில் கொடுத்தார். கஷ்டமாக இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்த முறை அதே அறிக்கையில் ஒரு சோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதச் சொன்னார். அதை எழுத மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன். அந்த எண்ணை நம்பிப் பொருளை வாங்குபவர் வேறு யாரோ, அதில் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் ஏமாளி என்று பெயர் வந்துவிடாதா?

வரும். சோங் அரசில் லியூ துவானுக்கு வந்தது. பேரரசர் தாய்சோங் 995இல் அவரை முதலமைச்சராக்கப் போனபோது, அவர் மந்தமானவர் ஆயிற்றே என்று ஒருவர் சொன்னார். ‘சின்ன விஷயத்தில் மந்தம், பெரிய விஷயத்தில் மந்தம் இல்லை’ என்றார் பேரரசர். இந்த வாசகமே பிறகு ஒரு சொல்வழக்காகிவிட்டது. பதவிக்கு வந்த லியூ, தனக்குக் கீழே இருந்த கோ ஜுன் என்ற சூடான சுபாவக்காரர் மனம் நோகக் கூடாது என்று அதிகாரத்தை அவரோடு பகிர்ந்துகொள்ளத் தானே கேட்டுக்கொண்டார்.

997இல் தாய்சோங் இறந்தார். பட்டத்து இளவரசரை ஒதுக்கிவிட்டு மூத்த மகனை உட்காரவைக்க அரண்மனை அதிகாரி வாங் ஜியென் சூழ்ச்சி செய்தார், பேரரசியும் அந்தப் பக்கம். லியூவை அழைத்துவர வாங்கையே அனுப்பினார்கள். லியூ அவரை ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காவல் போட்டுவிட்டு, தனியாக உள்ளே போனார். மூத்தவருக்குத்தானே முறை என்றார் பேரரசி. இந்த நாளுக்காகத்தான் மறைந்தவர் வாரிசை அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார், இதில் வேறு பேச்சு எதற்கு என்றார் லியூ.

நான் அடிக்கடி நினைப்பது அதற்கு அடுத்த காட்சியை. புதுப் பேரரசர் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். எல்லாரும் விழுந்து வணங்க வேண்டிய நேரம். லியூ நின்றபடியே, திரையைச் சுருட்டுங்கள் என்றார். படியேறிப் போய் முகத்தை உற்றுப் பார்த்தார். அதே இளவரசர்தான் என்று தெரிந்த பிறகு கீழே இறங்கி வந்து, அதிகாரிகளோடு சேர்ந்து வணங்கினார். பேரரசர் முகத்தைச் சரிபார்ப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு! ‘மந்தமான’ மனிதர் அதைச் செய்தார்.

அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த ஜென்சோங் பேரரசரின் அவைக்குத்தான் 1015இல் சோழர் தூதுக்குழு போய்ச் சேர்ந்தது, அனுப்பியவர் ராஜராஜன். 1077இல் போன இன்னொரு சோழக் குழுவுக்குச் சோங் அரசு 81,800 கோவை செப்புக் காசு கொடுத்தது. எல்லாம் சதுர ஓட்டையில் கயிறு கோத்தவை. தஞ்சாவூர்ப் பக்கம் மண்ணில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன, ஆகவே இந்த உருவத்தை நம் ஊர்க் கைகளும் தொட்டிருக்கின்றன.

நழுவுகிறவர்களுக்கு இது நல்ல சாக்கு ஆகாதா?

ஆகிறது. சீனர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: ‘யுவான்ஹுவா’, வட்டமும் வழுக்கலும். யாரிடமும் பகை இல்லாமல், எல்லாருக்கும் இனியவராக, எந்தக் கேள்விக்கும் நேர்ப் பதில் சொல்லாமல் போகிறவர். ஊரே நல்லவர் என்று சொல்லும் இப்படிப்பட்ட ஆளைக் கன்பூசியஸ் ‘அறத்தின் திருடர்’ என்றார். கடுமையான சொல். கெட்டவனை விட்டுவிட்டு இவரைத் திருடர் என்றதற்குக் காரணம், இவர் பார்ப்பதற்கு நல்லவர் போலவே இருப்பதுதான்.

இதைச் சீனர்களிடம் பாராட்டாகச் சொல்லலாமா?

தாராளமாக. பண்பட்ட மூத்தவர்களைப் பற்றி மதிப்போடு சொல்வது. ‘யுவான்ஹுவா’ என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

வெளியேயும் சதுரமாக இருந்தவர்கள் தவறு செய்தவர்களா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கவிஞர் தாவ் யுவான்மிங் 405இல் பெங்சேயில் எண்பது நாள் சொச்சம்தான் அதிகாரியாக இருந்தார். மேலிடத்திலிருந்து வரும் ஆய்வாளரை இடைக்கச்சை கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஐந்து படி அரிசிக்காக இடுப்பை வளைக்க மாட்டேன் என்று பதவியை விட்டுப் போய்விட்டார். ஒரு கச்சையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்வியாளர் ஹுவாங் யான்பெய் (1878-1965) தன் மகனுக்கு எழுதிக்கொடுத்த வாசகங்கள் சீனாவில் பிரபலம். வசந்தக் காற்றைப் போல் இதமாக இரு, இலையுதிர்காலப் பனியைப் போல் கண்டிப்பாக இரு, காசிடமிருந்து உருவத்தை எடுத்துக்கொள், வெளியே வட்டம், உள்ளே சதுரம் என்று அது முடியும்.

அவருடைய இன்னொரு மகன் ஹுவாங் வான்லி (1911-2001) நீரியல் பேராசிரியர். மஞ்சள் ஆற்றின் குறுக்கே சான்மென்ஷியாவில் சோவியத் நிபுணர்களின் திட்டப்படி அணை கட்டப் போனார்கள். 1957இல் நடந்த கூட்டத்தில் அவர் எதிர்த்துப் பேசினார். இந்த ஆறு சுமக்கும் வண்டலை அணை தாங்காது, மேலே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கும் என்று வாதாடினார். எடுபடவில்லை. அப்போது அவர் ஒன்று கேட்டார்: கட்டித்தான் தீர்வீர்கள் என்றால் அடியில் உள்ள நீர்த்துளைகளையாவது அடைக்காமல் விடுங்கள், பிற்பாடு வண்டலை வெளியேற்ற உதவும். எதிர்ப்பில் தோற்றாலும் அந்த மக்களுக்காக ஒரு வழியாவது விட்டுவைக்கப் பார்த்தார். கூட்டம் ஒப்புக்கொண்டது. கட்டும்போது பழைய வரைபடப்படியே துளைகளை கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். அவருக்கு வலதுசாரி என்று முத்திரை குத்தினார்கள், 1980இல்தான் அது நீங்கியது.

1960இல் அணையில் தண்ணீர் தேக்கினார்கள். வண்டல் சேர்ந்து, மேலே மஞ்சள் ஆற்றில் வந்து கலக்கும் வெய் ஆற்றின் படுகை உயர்ந்தது. 1970களில் அந்தத் துளைகளைக் கான்கிரீட்டை உடைத்து மறுபடி திறந்தார்கள்.